கதிர்கோலின் திசையை அளக்க எல்-வடிவக் கவர்ஸ்லிப்: யாருக்குப் பயன்படும், யாருக்குப் பயன்படாது

ஆயத்தமாக விற்கப்படும் நுண்வடிவக் கவர்ஸ்லிப் பார்வைக்கு வெறும் கண்ணாடிதான். தடிமன் 0.17 மி.மீ. அதன் மேல் செல் ஒட்ட முடியாதபடி பாலிஎத்திலீன் கிளைக்கால் பூச்சு இருக்கும். அந்தப் பூச்சின் நடுவே ஏறத்தாழ 100 மைக்ரானுக்கு ஒன்றாக, செல்கள் ஒட்டிக்கொள்ளும் புரதமான ஃபைப்ரோனெக்டினால் வரைந்த எல்-வடிவங்கள். ஒரு வடிவத்தில் ஒரு செல் ஒட்டி, இரு கைகளின் முனைகளையும் இணைத்து முக்கோணமாகப் பரவும். அதே இடத்தில் மைட்டாசிஸுக்குள், அதாவது செல் பிரிவுக்குள், நுழையும். அப்போது கதிர்கோல் (குரோமோசோம்களை இரு பக்கமாகப் பிரிக்கும் நுண்குழல் அமைப்பு) எந்தத் திசையில் நிற்கிறது என்பதை அளக்கத்தான் இந்தக் கவர்ஸ்லிப்.

எங்கள் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஹீலா, ஆர்பிஇ1 (ஆய்வகங்களில் வளர்க்கும் மனிதச் செல் வரிசைகள்) போல நன்றாக ஒட்டிப் பரவும் செல்களில், தரைக்கு இணையான தளத்தில் கதிர்கோல் எப்படித் திரும்புகிறது என்பது உங்கள் கேள்வியானால், இதற்குச் செலவிடும் பணம் வீண்போகாது. கதிர்கோல் தரையிலிருந்து எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பது கேள்வியானால் இது தேவையே இல்லை. சீராக ஃபைப்ரோனெக்டின் பூசிய சாதாரண கவர்ஸ்லிப் போதும். பழ ஈயின் நியூரோபிளாஸ்ட் (நரம்புச் செல்களை உருவாக்கும் மூலச் செல்) போலத் தன் துருவத்தைத் தானே உள்ளிருந்து வகுத்துக்கொள்ளும் செல்களுக்கு இது பொருந்தாது. அங்கே திசையைத் தீர்மானிப்பவை பார் (Par) புரதங்களும் இன்ஸ்கியூட்டபிள் என்ற புரதமும். வெளியே எங்கே ஒட்டியிருக்கிறது என்பதற்கு அங்கே பெரிய பங்கில்லை.

எல்-வடிவம் ஏன் வேலை செய்கிறது

மைட்டாசிஸில் செல் உருண்டையாகும், ஆனால் தரையை முழுவதுமாக விட்டுவிடாது. பரவியிருந்தபோது எங்கெல்லாம் ஒட்டியிருந்ததோ, அங்கெல்லாம் ஆக்டின் நிறைந்த மெல்லிய இழைகள் மிஞ்சி நிற்கும். இவற்றைப் பின்னிழுப்பு இழைகள் என்கிறோம். எல்-வடிவத்தில் கர்ணத்தின் (இரு கை முனைகளையும் இணைக்கும் கோட்டின்) பக்கம் செல் அந்தரத்தில் பரவியிருந்ததால் அங்கே இழைகள் இருக்காது. இரு கைகளின் மேல்தான், அதிலும் முனைகளில் ஊன்றியபடி, இழைகள் இருக்கும். கதிர்கோல் கர்ணத்துக்கு இணையாக நிற்பது இதனால்தான். 2005இல் மனுவேல் தெரி, மிஷெல் போர்னென் குழுவினர் இதைக் காட்டினார்கள். வெளி உருவம் ஒன்றாகவே இருந்தும் ஒட்டும் இடங்களின் அமைப்பை மாற்றினால் கதிர்கோலின் திசை மாறியது. 2011இல் இந்த இழைகளை லேசரால் வெட்டிப் பார்த்தபோது கதிர்கோல் திரும்பியது. ஆக, இந்தக் கவர்ஸ்லிப் செல்லுக்குக் கொடுக்கும் செய்தி முழுவதும் அந்த இழைகள் வழியாகத்தான் போகிறது. பின்னால் சொல்லப்போகும் எல்லா எச்சரிக்கைகளுக்கும் இதுவே காரணம்.

செல்லுக்குள்ளே கதிர்கோலை இழுக்கும் இயந்திரம் வேறு. புறணியின் (சவ்வும் அதன் அடிப்படலமும் சேர்ந்த செல்லின் ஓரத்தின்) உட்பக்கம் ஜிடிபி (GDP) ஏந்திய ஜிஆல்ஃபா-ஐ என்ற புரதம் சவ்வில் பொருந்தியிருக்கும். அதன் மேல் எல்ஜிஎன், எல்ஜிஎன் மேல் நூமா என்ற புரதங்கள், நூமாவோடு மோட்டார் புரதமான டைனீனும் அதன் துணையான டைனாக்டினும். பழ ஈயில் எல்ஜிஎன்னுக்கு இணையானது பின்ஸ், நூமாவுக்கு இணையானது மட், சி. எலெகன்ஸ் புழுவில் அவற்றின் இடத்தில் ஜிபிஆர்-1/2, லின்-5. புறணியில் நிலையாக நிற்கும் டைனீன், கதிர்கோலின் துருவத்திலுள்ள சென்ட்ரோசோமிலிருந்து புறணியை நோக்கி வரும் விண்மீன் நுண்குழல்களைப் பிடித்து அவற்றின் கழித்தல் முனையை (சென்ட்ரோசோம் பக்கத்தை) நோக்கி நடக்கப் பார்க்கும். டைனீன் நகர முடியாததால் நுண்குழலும், அதோடு கதிர்கோலின் துருவமும் புறணியை நோக்கி இழுபடும்.

இந்த இயந்திரம் எங்கே, எப்போது இயங்க வேண்டும் என்பதற்குப் பல பூட்டுகள் உண்டு. குரோமோசோம்களைச் சுற்றியுள்ள ரான்-ஜிடிபி (Ran-GTP), அருகிலுள்ள புறணியிலிருந்து எல்ஜிஎன்னையும் நூமாவையும் அகற்றுகிறது. அதனால் அவை துருவங்களுக்கு நேரான இரு பக்கங்களிலும் பிறைபோல் ஒதுங்குகின்றன. துருவம் புறணிக்கு மிக அருகே வந்துவிட்டால் துருவத்திலுள்ள பிஎல்கே1 என்ற நொதி அங்கிருந்து டைனீனைக் கழற்றுகிறது. கதிர்கோல் நடுவில் நிற்க இது உதவுகிறது. சிடிகே1 என்ற நொதி நூமாவுக்குப் பாஸ்பேட் ஏற்றி, குரோமோசோம்கள் நடுவில் வரிசையாகும் மெட்டாஃபேஸில் புறணியில் நூமாவின் அளவைக் குறைக்கிறது, பிபி2ஏ என்ற நொதி அந்தப் பாஸ்பேட்டை நீக்குகிறது. குரோமோசோம்கள் பிரியும் அனாஃபேஸில் சிடிகே1 அடங்கியதும் புறணியில் நூமா கூடுகிறது. அரோரா-ஏ என்ற நொதி செயல்படாவிட்டால் நூமா துருவத்திலேயே தங்கிவிடும், புறணிக்குப் போதிய அளவு வந்து சேராது. வெளியிலிருக்கும் இழைகளின் செய்தியை உள்ளே கொண்டுபோவதில் இன்டெக்ரின், மையோசின்-10, புறணிக்கு அடியில் திரளும் ஆக்டின், எஸ்ரின் குடும்பப் புரதங்கள் ஆகியவற்றுக்குப் பங்குண்டு.

இவ்வளவையும் ஒரு பொருள் மதிப்புரையில் சொல்லக் காரணம் உண்டு. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் கவர்ஸ்லிப் காட்டும் விடை ஒன்றுதான்: கோணங்கள் சிதறும். எது அறுந்தது என்று அது சொல்லாது. வாங்கும்போதே இதைத் தெரிந்து வாங்க வேண்டும்.

எந்த அளவு, எந்த வடிவம்

ஹீலா, ஆர்பிஇ1 செல்களுக்கு 1,000 சதுர மைக்ரானை ஒட்டிய முக்கோணப் பரப்பு பொருத்தம்; அதாவது ஒரு கை சுமார் 45 மைக்ரான். வடிவம் சிறிதானால் செல் போதிய அளவு பரவாது, உருண்டையாகும்போது மிஞ்சும் இழைகளும் குறுகி வலுவிழக்கும். வடிவம் பெரிதானால் செல் ஒரு கையில் மட்டும் ஒட்டி நீளும், அல்லது இரண்டு செல்கள் சேர்ந்து உட்காரும். புதிய செல் வகை என்றால், பல அளவுகள் ஒன்றாக அச்சிட்ட ஒரு கவர்ஸ்லிப்பை முதலில் வாங்கி, எந்த அளவில் முக்கோணம் முழுமையாக நிரம்புகிறது என்று பார்த்த பிறகு மொத்தமாக வாங்குவது நல்லது.

எல்-வடிவத்தை மட்டும் வாங்கிப் பணத்தை மிச்சப்படுத்துவது வீண் சிக்கனம். வட்டத் தட்டு வடிவம் கட்டாயம் வேண்டும். அதில் இழைகள் எல்லாப் பக்கமும் சமமாக இருப்பதால் கோணங்கள் சீராகச் சிதற வேண்டும். அங்கேயும் ஒரு திசைக்குச் சாய்வு தெரிந்தால் உங்கள் அளவீட்டிலோ, வடிவங்களின் அச்சிலோ, திரவம் ஓடிய திசையிலோ கோளாறு இருக்கிறது. எல்-வடிவமும் வட்டமும் ஒரே கவர்ஸ்லிப்பில் இருந்தால் இன்னும் நல்லது. இரண்டும் ஒரே கழுவலையும் ஒரே நிலைப்படுத்தலையும் கடந்து வருமே.

ஃபைப்ரோனெக்டினோடு கலந்திருக்கும் ஒளிர்சாயத்தின் நிறத்தையும் முன்கூட்டியே கேளுங்கள். செல்லில் பச்சை டியூபியூலினும் (நுண்குழல் புரதம்) சிவப்பு ஹிஸ்டோனும் (குரோமோசோம் புரதம்) இருந்தால் வடிவத்துக்குத் தொலைசிவப்பு வேண்டும். தொலைசிவப்பில் டிஎன்ஏ சாயம் போடப்போகிறீர்கள் என்றால் வடிவம் வேறு நிறத்தில் இருக்க வேண்டும். வடிவமே தெரியாவிட்டால் கோணத்தை எதோடு ஒப்பிட்டு அளப்பது?

விதைத்தலும் கழுவலும்

தோல்விகளில் பெரும்பங்கு இங்கேதான் நேர்கிறது. செல்களைத் தனித்தனியாகப் பிரித்து, 40 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, 35 மி.மீ. தட்டில் 50,000 முதல் 60,000 வரை விதைக்கலாம். ஊற்றியவுடன் தட்டைச் சுழற்றக் கூடாது. சுழற்றினால் செல்கள் நடுவில் குவியும். 10 நிமிடம் அசைக்காமல் வைத்து, பிறகு இன்குபேட்டரில் இன்னும் 15 முதல் 20 நிமிடம். அதற்குள் வடிவங்களின் மேல் விழுந்தவை லேசாகப் பிடித்திருக்கும், பூச்சின் மேல் விழுந்தவை மிதக்கும். அந்த நேரத்தில் மெதுவாகக் கழுவி மிதப்பவற்றை நீக்க வேண்டும். தாமதித்தால் மிதக்கும் செல்கள் ஒட்டிய செல்களோடு சேர்ந்து, ஒரே வடிவத்தில் இரண்டு மூன்றாக உட்கார்ந்துவிடும்.

கழுவும்போது தட்டை ஒருபோதும் வற்றவிடக் கூடாது. குறைந்தது 1 மி.லி. ஊடகம் எப்போதும் இருக்கட்டும். ஒரு ஓரத்தில் சேர்த்து, எதிர் ஓரத்தில் எடுங்கள். பூச்சின் மேல் திரவம் பின்வாங்கி ஒரு நொடி காய்ந்தாலே தனித்தனியாக உட்கார்ந்திருக்கும் செல்கள் செத்துப்போகும். உருண்டையான செல்களோ இழைகளால் மட்டுமே நிற்பவை. அந்த இழைகள்தான் நாம் அளக்க விரும்பும் செய்தியைச் சுமப்பவை. பம்பு வைத்து உறிஞ்சும் வழக்கமுள்ள ஆய்வகங்களில் மெட்டாஃபேஸ் செல்களே காணாமல் போவதற்கும், எஞ்சியவற்றின் கோணங்கள் சிதறுவதற்கும் காரணம் அந்த உறிஞ்சல்தான்.

பிறகு பரவுவதற்கு நேரம் கொடுக்க வேண்டும். மைட்டாசிஸுக்குள் நுழையும் முன் குறைந்தது 4, 5 மணி நேரமாவது செல் முக்கோணமாகப் பரவி இருக்க வேண்டும். இன்னொரு பக்கம், பூச்சு என்றென்றும் தாங்காது. செல்கள் தாங்களே சுரக்கும் புரதங்களும் சீரத்தில் உள்ளவையும் படிந்து, ஓரிரு நாளில் செல்கள் வடிவத்தை விட்டு வெளியே நடக்கத் தொடங்கும். ஃபைப்ரோபிளாஸ்டுகள் இதில் இன்னும் வேகம். எனவே விதைத்து 5 மணி முதல் 24 மணி வரை உள்ள இடைவெளியைத்தான் நம்பலாம்.

எண்ணிக்கையையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 மைக்ரான் இடைவெளி என்றால் ஒரு சதுர செ.மீ.க்கு 10,000 வடிவங்கள். அதில் பாதியில் ஒற்றைச் செல் இருந்து, அவற்றில் 3 சதவீதம் மைட்டாசிஸில் இருந்தால் 150 செல்கள். அவற்றிலும் மெட்டாஃபேஸில் இருப்பவை ஒரு பகுதிதான். அதனால் எல்லாச் செல்களின் பிரிவுச் சுழற்சியையும் ஒருங்கிணைக்கும் ஆசை வருவது இயல்பு. 2 மில்லிமோலார் தைமிடினில் இரு முறை நிறுத்தி விடுவிப்பது ஹீலாவில் நல்ல வழி. விடுவித்து 3, 4 மணி நேரத்தில் விதைத்தால், 9 முதல் 10 மணி நேரத்தில் மைட்டாசிஸ் வருவதற்குள் பரவிவிடும். ஆர்ஓ-3306 போட்டு ஜி2 (மைட்டாசிஸுக்கு முந்தைய கட்டம்) முடிவில் நிறுத்தும் வழியை இந்தச் சோதனைக்கு நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். அது சிடிகே1-ஐத் தடுக்கும் மருந்து. நூமா எப்போது புறணிக்குப் போக வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்துவதே சிடிகே1 என்னும்போது, கழுவிய பிறகும் மிஞ்சும் சிறிதளவு மருந்து அளவீட்டின் அடிப்படையிலேயே கை வைக்கும். மெட்டாஃபேஸில் நிறுத்த 10 மைக்ரோமோலார் எம்ஜி132 என்ற மருந்தை ஒரு மணி நேரம் போடலாம்; வெகுநேரம் நீட்டித்தால் குரோமோசோம்கள் சகோதரி இழைகளாகப் பிரிந்து, நடுவில் நிற்கும் குரோமோசோம் வரிசை குலையத் தொடங்கும்.

நிலைப்படுத்தல்

ஊடகத்தை எடுத்துவிட்டு நிலைப்படுத்தியை ஊற்றும் வழக்கமான முறை இங்கே உதவாது. 37 டிகிரிக்குச் சூடேற்றிய 8 சதவீத பாராஃபார்மால்டிஹைடை, தட்டிலுள்ள ஊடகத்துக்குச் சம அளவு மெதுவாகச் சேர்த்தால் 4 சதவீதமாகிவிடும். 15 நிமிடம் போதும். இழைகளையே படமெடுக்க வேண்டுமானால் 0.1 முதல் 0.25 சதவீத குளுடரால்டிஹைடும் சேர வேண்டும். பிறகு சோடியம் போரோஹைட்ரைடால் அதன் ஒளிர்வை அடக்க வேண்டும். துருவத்தைக் காட்டும் காமா-டியூபியூலினுக்கு −20 டிகிரி மெத்தனால் அழகான துருவங்களைக் கொடுக்கும். தரைக்கு இணையான கோணத்துக்கு அது சரி. ஆனால் மெத்தனால் செல்லைத் தட்டையாக்கி இழைகளையும் குலைத்துவிடும் என்பதால் சாய்வை அளக்க அதை எடுக்கக் கூடாது. எல்ஜிஎன் புறணியில் தெளிவாகத் தெரியாதபோது குளிர்ந்த 10 சதவீத டிரைகுளோரோஅசிட்டிக் அமிலத்தில் 15 நிமிடம் வைத்துப் பார்க்கலாம்.

உயிருள்ள செல்களைப் படமெடுப்பது எப்போதும் மேல். 3 நிமிடத்துக்கு ஒரு படம் எடுத்து, அனாஃபேஸுக்கு முந்தைய கடைசிப் படத்தில் கோணத்தை அளங்கள். மெட்டாஃபேஸுக்கு முந்தைய புரோமெட்டாஃபேஸில் கதிர்கோல் இன்னும் திரும்பிக்கொண்டே இருக்கும். அந்தச் செல்களையும் சேர்த்து எண்ணினால் ஆரோக்கியமான செல்களே திசை தெரியாதவை போலத் தோன்றும். நுண்குழல்களைக் காட்ட எஸ்ஐஆர்-டியூபியூலின் என்ற சாயம் வசதியானதுதான், ஆனால் அதன் அடிப்படைப் பகுதியான டோசிடாக்செல் என்ற மருந்து நுண்குழல்களை நிலைப்படுத்தும். விண்மீன் நுண்குழல்களின் இயக்கத்தையே சார்ந்திருக்கும் ஒரு சோதனையில் அதை 100 நானோமோலாருக்கு மேல் ஏற்றாதீர்கள். முடிந்தால் ஒளிர்புரதம் இணைத்த டியூபியூலினை நிலையாக வெளிப்படுத்தும் செல் வரிசையையே பயன்படுத்துங்கள்.

கோணத்தை எண்ணாக்குவது

ஒவ்வொரு செல்லுக்கும் அதன் சொந்த வடிவத்தின் கர்ணத்தை 0 டிகிரியாக வையுங்கள், படத்தின் விளிம்பை வைக்காதீர்கள். கவர்ஸ்லிப் தாங்கியில் சில டிகிரி திரும்பி உட்காருவது சாதாரணம். −90 முதல் +90 வரை கோணங்கள் வரும். திசையே இல்லை என்றால் ±15 டிகிரிக்குள் 16.7 சதவீதமும், ±30 டிகிரிக்குள் 33.3 சதவீதமும் விழும். உங்கள் எண்களை இவற்றோடு ஒப்பிடுங்கள். கதிர்கோலுக்கு முன்பக்கம் பின்பக்கம் இல்லை என்பதால், வட்டப் புள்ளியியல் சோதனைகளுக்கு முன் கோணங்களை இரட்டிப்பாக்க வேண்டும். அதை மறந்தால் +89, −89 இரண்டும் எதிரெதிராகக் கணக்காகிவிடும். ஒரு நிலைக்கு 100 செல்களுக்குக் குறையாமல், மூன்று தனித்தனி விதைப்புகளிலிருந்து எடுங்கள்.

சாய்வை அளப்பவர்கள் இன்னொரு பொறியில் விழுகிறார்கள். முப்பரிமாணத்தில் தற்செயலாக நிற்கும் அச்சு தரையோடு செய்யும் கோணத்தின் சராசரி 45 அல்ல, 32.7 டிகிரி, இடைநிலை 30 டிகிரி. ஒரு சிகிச்சைக்குப் பிறகு சராசரி 32.7ஐ நெருங்கினால் அது ஓரளவு சாய்வு அல்ல, திசைக் கட்டுப்பாடு முழுவதுமாகப் போய்விட்டது என்பதாகும். ஹீலாவில் துருவத்துக்குத் துருவம் 11 மைக்ரான் என்று வைத்தால், உயரத்தில் 1 மைக்ரான் பிழை 5 டிகிரி பிழையாகும். எனவே உயரவாட்டில் ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் இடையிலான படிநிலை 0.5 மைக்ரானுக்கு மேல் வேண்டாம். எண்ணெய் லென்சால் நீர்ம ஊடகத்துக்குள் பார்த்தால் உயரம் 12 சதவீதமோ அதற்கு மேலோ கூடுதலாகத் தெரியும். திருத்திக்கொள்ளுங்கள் அல்லது நீர் லென்ஸ் எடுங்கள்.

சிதறலைக் கண்டதும் எல்ஜிஎன் என்று சொல்லிவிடாதீர்கள்

ஒரு புரதத்தைக் குறைத்தபின் எல்-வடிவத்தில் கோணங்கள் சிதறினால், முதலில் பார்க்க வேண்டியது இன்டர்ஃபேஸ் (இன்னும் மைட்டாசிஸுக்குள் நுழையாத) செல்கள் முக்கோணத்தை முழுமையாக நிரப்புகின்றனவா என்பதை. நிரப்பாவிட்டால் இழைகளும் தவறான இடத்தில் இருக்கும். கதிர்கோல் தனக்குக் கிடைத்த தவறான செய்தியைச் சரியாகவே படித்திருக்கலாம். அடுத்து விண்மீன் நுண்குழல்கள் புறணியை எட்டுகின்றனவா என்று பாருங்கள். 20 முதல் 50 நானோமோலார் நோகோடசோல் (நுண்குழல்களைக் கலைக்கும் மருந்து) போட்டு அவற்றை மட்டும் அழித்த செல்கள் இதற்கு நல்ல ஒப்பீடு. அதற்குப் பிறகே புறணியில் எல்ஜிஎன், நூமா, டைனாக்டின் மூன்றையும் வரிசையாகச் சாயமிட வேண்டும். எல்ஜிஎன் இருந்து நூமா இல்லையென்றால் அரோரா-ஏ, சிடிகே1 பக்கம் தேடலாம். மூன்றும் இருந்தும் புறணி முழுக்கப் பரவியிருந்தால் ரான் பக்கமோ, செய்தியைக் கொண்டுவரும் ஆக்டின் பக்கமோ தேடலாம். அளவுக்கு மேல் எல்ஜிஎன் இருந்தாலும் கதிர்கோல் ஓரிடத்தில் நிற்காமல் ஆடும். நிலைப்படுத்திய படத்தில் அதுவும் சிதறலாகவே தெரியும், உயிர்ப்படத்தில்தான் வேறுபாடு புலப்படும்.

வாங்குவதா, செய்துகொள்வதா

ஓரிரு வடிவங்களோடு ஒரு கேள்விக்கு மட்டும் விடை வேண்டுமென்றால் வாங்குங்கள். வருடக்கணக்காக இதே வேலை என்றால், குரோம் பூசிய குவார்ட்ஸ் முகமூடி ஒன்றும் ஆழ் புற ஊதா விளக்கும் இருந்தால் ஆய்வகத்திலேயே செய்யலாம். செல் ஒட்டவிடாத பூச்சான பிஎல்எல்-பெக் 0.1 மி.கி./மி.லி., 10 மில்லிமோலார் ஹெப்பஸில், பிஹெச் 7.4, ஒரு மணி நேரம். முகமூடி வழியே 185 நானோமீட்டர் ஒளி சுமார் 5 நிமிடம். பிறகு 20 முதல் 25 மைக்ரோகிராம்/மி.லி. ஃபைப்ரோனெக்டின், 100 மில்லிமோலார் சோடியம் பைகார்பனேட்டில், ஒரு மணி நேரம்.

விளக்கு பழையதாக ஆக ஒளி குறையும், அப்போது ஃபைப்ரோனெக்டின் மங்கலாக ஒட்டும். ஒளி அதிகமானால் எல்லின் உட்கோணம் மழுங்கி, செல் கர்ணத்தின் பக்கமும் ஒட்டத் தொடங்கும். முகமூடிக்கும் கண்ணாடிக்கும் நடுவே தூசியோ காற்றுக் குமிழியோ இருந்தாலும் விளிம்பு மங்கும். இந்த விளக்கு ஓசோனை உண்டாக்கும் என்பதால் வெளியேற்றும் வசதி இல்லாத அறையில் ஏற்றக் கூடாது. வாங்கியதோ செய்ததோ, ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு கவர்ஸ்லிப்பைச் செல் போடாமல் நுண்ணோக்கியில் வைத்து, நான்கு மூலைகளிலும் நடுவிலும் வடிவங்களின் உட்கோணம் கூர்மையாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மற்றவற்றைத் தொட வேண்டும்.